என் கணவர் கையில் ஆறு பாத்தி

கேஸை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கும் ஆள் நான். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைப்பேன். அவள் விழித்து அழுதால்தான் எனக்கு நிம்மதி. இந்தப் புத்தி ஒரு நாள் என் நாத்தனார் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே பைபிளுக்குத் தோல் உறை தைத்துக் கொடுக்கிறேன். ஓரத்தை மடித்துத் தைக்க, அங்கே தோல் மெலிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன இயந்திரம் உண்டு. தோலை விட்டு இழுத்தால் உள்ளிருக்கும் கத்தி சீவித் தள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கத்தி மழுங்கிவிட்டது. மாலையில் நாத்தனார் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு நான் தைத்த உறை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை.

ஸ்டெல்லா காலையிலேயே எச்சரித்திருந்தாள். "அண்ணி, நாலு பேரை வேணாம்னுட்டு இவரைத்தான் பிடிச்சிருக்கு. எதுவும் சொதப்பிடாதீங்க."

கத்தியைக் கழற்றி, கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். கையிலுள்ள முடியை வழித்தால் கூர் சரி என்று வீடியோவில் சொன்னார்கள். (ஒரு முறை பார்த்தால் போதும் என்றும் சொன்னார்கள்.) நான் பத்துத் தேய்ப்புக்கு ஒரு முறை பார்த்தேன். என் இரண்டு கைகளும் மொழுமொழுவென்று ஆனபிறகும் சந்தேகம் தீரவில்லை.

பக்கத்தில் என் கணவர் ஜோயல், சர்ச்சுக்குப் போய்வந்து பிரியாணி சாப்பிட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். தூர் கட்டிய குறுவை நெற்பயிர் மாதிரி முடி அடர்ந்த கை. ஓரமாக ஒரு சதுரம் வழித்தேன். மறுபடி தேய்த்து, பக்கத்தில் இன்னொன்று. ஆறாவது பாத்தியில்தான் மனம் ஆறியது. உறையும் அழகாக வந்தது.

வாசலில் கார் சத்தம் கேட்டு எழுந்தவர், முகம் கழுவி, அரைக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காபிக்குக் கை நீட்டினார்.

"தம்பி, கையில என்ன, திட்டுத் திட்டா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஜோயல் அப்போதுதான் பார்த்தார். "தெரியலைங்க. காலையில இல்ல."

(இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.)

அந்த அம்மா நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளினார். "தங்கச்சிக்கும் இருக்கா?"

ஸ்டெல்லாவின் கண் கலங்கியது.

"நான்தாங்க வழிச்சேன். கத்தி கூரா இருக்கான்னு பார்க்க."

"ஆறு இடத்துலயா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சந்தேகமா இருந்துச்சுங்க."

"தூங்கற மனுஷன் முழிக்காம எப்படி வழிக்க முடியும்? எதையோ மறைக்குறாங்க" என்று அந்த அம்மா முணுமுணுத்தார், எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்குச் சுருக்கென்றது. உலகத்தில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுவேன், அந்தக் கத்தியை மட்டும் இல்லை. உள்ளே போய்க் கழற்றி எடுத்துவந்தேன்.

"அய்யா, கையை நீட்டுங்க."

மாப்பிள்ளையின் அப்பா சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை மூடிக்கொண்டார். ஒரே இழுப்பு.

"ம்... ஆரம்பிம்மா."

"முடிஞ்சிடுச்சுங்க."

கண்ணைத் திறந்தார், தடவிப் பார்த்தார். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை குனிந்து சிரிக்க, ஸ்டெல்லாவும் சிரித்துவிட்டாள். பெரியவர் மனைவியிடம் திரும்பினார். "ஒரு கத்தியை இவ்வளவு சரிபார்க்கிற வீடு. பொண்ணை எப்படி வளர்த்திருப்பாங்க, பாரு."

அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, உறையைக் கையில் வாங்கினார்.

ஸ்டெல்லா கல்யாணத்தில் அந்தப் பெரியவர் என்னை எல்லோருக்கும் "நம்ம கத்திக்காரம்மா" என்றுதான் அறிமுகப்படுத்தினார். நான் தலை நிமிர்ந்தே வணக்கம் சொன்னேன். ஜோயல் மட்டும் கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் மதியம் தூங்குகிறார், பொத்தான் போட்டு.