சொல்லிக்கொள்ளாத பேஸ்காரர்

தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். சொல்லிக்கொள்ளாதவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரிடமிருந்து தப்பிப்பது சுலபம். தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்டுவிடும், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடலாம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இரண்டாம் ரகத்தாரிடம்தான். அவர்கள் "நான் சொல்லிக்கிறதில்ல" என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது.

எங்கே இல்லை இவர்கள்? மேலாளர் பேசும்போது அவருக்குப் பின்னால் கோப்போடு நின்றுகொண்டு, அவர் வாயசைவுக்குத் தன் உதட்டையும் அசைத்துக்கொண்டிருப்பவர். கல்யாண வீட்டில் கடைசிவரை உட்காராமல், சாப்பிடாமல், "நீங்க சாப்பிடுங்க, எனக்கென்ன" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டு அலைகிற சித்தப்பா. எல்லாரும் இந்த ரகம்தான். ஆனால் கலப்படமில்லாத அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் மேடைக்குத்தான் போக வேண்டும். பிரபலமான கிட்டார்காரருக்கு நாலடி பின்னால், விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், நீளமான கழுத்துள்ள ஒரு வாத்தியத்தை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைத்தான் சொல்கிறேன். பேஸ்காரர்.

பேஸ் என்பது பார்க்கக் கிட்டார் மாதிரியே இருக்கும். கம்பி நாலே நாலு, ஒவ்வொன்றும் தடிமன். அதன் சத்தம் காதுக்கு வருவதற்குள் வயிற்றுக்குப் போய்விடும். அதனால் வாசிப்பவர் யார் என்று ஜனங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

நம்முடைய பேஸ்காரர் ஊர் ஊராகப் போய் வாசித்தது 'புயல்' என்று பேர் வாங்கிய கிட்டார்காரரோடு. புயல் வாசிப்பது ப்ளூஸ் ராக். அதாவது, மனசு உடைந்துபோன கதையை, பக்கத்துக் கட்டடத்து ஜன்னல் உடையும்படி சொல்வது. சுவரொட்டியில் 'புயலும் குழுவும்' என்று போட்டிருக்கும். அந்தக் கடைசி 'உம்'மில்தான் நம்மவர் குடியிருந்தார், டிரம்ஸ்காரரோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டு.

புயல் ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை மேலே தள்ளி, கண்ணை மூடி, பல்வலிக்காரர் மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு, அந்தச் சுரத்திலேயே நின்றுவிடுவார். ஜனம் உருகும். பிறகு அங்கிருந்து கிளம்பி மேலே, கீழே, பக்கத்தில் என்று எங்கெங்கோ திரிவார். அந்த நேரத்தில் பாட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தெரிந்தவர் பேஸ்காரர். ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு, புயல் எப்போது கண் விழித்தாலும் வந்து இறங்க ஓர் இடத்தைத் தயாராக வைத்திருப்பார். இது முழுக்க உண்மை. அதுதான் கஷ்டம். பொய்யாக இருந்திருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

வண்டியில் புயலுக்கு முன் இருக்கை. பேஸ்காரருக்குப் பின் சக்கரத்துக்கு மேலே, தன்னுடைய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்தபடி. புயல் இறங்கி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து முன்னால் வருவார்.

"நான் சொல்லிக்கிறதில்லண்ணே. ஆனா நேத்து மூணாவது பாட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா?"

ஓட்டுநருக்குத் தெரியாது. நேற்று மூன்றாவது பாட்டின்போது அவர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவரு ஒரு சுத்து தள்ளிப் போயிட்டாரு. நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

"அப்படியா சார். ரேடியோ போடவா?"

ஓட்டல் வரவேற்பறைக்காரரிடம் சொல்வார். சட்டைக்கு இஸ்திரி போடுகிறவரிடம் சொல்வார். ஒரே அறையில் தங்குகிற டிரம்ஸ்காரரிடம் சொல்வதில்லை, ஏனென்றால் டிரம்ஸ்காரர் அதே சம்பவத்தைத் தான் இழுத்து வந்ததாக வேறு மாதிரி வைத்திருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது ஒரு பெண் நேராக இவரிடம் வருவாள். "அண்ணா, ஒரே நிமிஷம்" என்பாள். இவர் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வார். அவள் கைப்பேசியை இவர் கையில் கொடுத்து, "புயல் சாரோட ஒரு படம் எடுத்துக் குடுங்களேன்" என்பாள். அதையும் ஒழுங்காக எடுத்துக் கொடுப்பார். யாருடைய தலையும் வெட்டுப்படாது. இவர் இருக்கிற படங்களில்தான் அது நடக்கும்.

வீட்டில் மனைவி இருந்தார், கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிறவர். ஒரு மகள். மகளுக்கு முன்பல் விழுந்ததை அப்பா கைப்பேசியில்தான் பார்த்தார். படம் நடுவில் நின்றுபோய்ச் சுற்றிக்கொண்டே இருந்ததால், பல்லா பாக்கா என்று தெரியாமலேயே "அழகா இருக்குடா" என்றார். அப்புறம் மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், அதனால் அவர் கேள்வி இன்னும் ஆழமாகக் குத்தியது.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. பாட்டை அவரு வாசிச்சிடறாரு. நீங்க என்ன வாசிக்கிறீங்க?"

"நானும்தான் வாசிக்கிறேன் மச்சான்."

"வாசிக்கிறீங்க, இல்லேங்கல. கேக்க மாட்டேங்குதே."

மச்சான் இரண்டாவதாக ஒரு கடை திறக்க இருந்தார். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். சம்பளம் உண்டு, வெயில் இல்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். மனைவி யோசித்துவிட்டு ஒன்று சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்லதானே நிகழ்ச்சி? அண்ணன் ஒரு தடவை நேர்ல வந்து பாக்கட்டும். பாத்துட்டுப் பேசலாம்."

அன்றிலிருந்து பேஸ்காரருக்குத் தூக்கம் சரியில்லை. இத்தனை வருஷ உழைப்பு, டைல்ஸ் வியாபாரி ஒருவரின் காதில் விழுகிறதா இல்லையா என்பதில் வந்து நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நகர மண்டபம். ஒலி சரிபார்க்கும்போது புயல் தன் கிட்டாரை வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் கேட்டுப் பார்த்து, கடைசி வரிசையில் கேட்டுப் பார்த்து, வாசலுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பிறகு ஒலியமைப்பாளர், "பேஸ்?" என்றார். நம்மவர் ஒரு கம்பியைத் தட்டினார். "போதும்" என்றார் ஒலியமைப்பாளர்.

மூன்றாவது வரிசையில் மச்சான், மனைவி, மகள். நிகழ்ச்சி நன்றாகத்தான் போனது. பாதிக்கு மேல் அந்த நீளமான, மெதுவான பாட்டு வந்தது. புயல் கண்ணை மூடினார், முகத்தைக் கோணினார், கிளம்பிப் போனார். பேஸ்காரர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மச்சான் மோவாயால் மேடைப் பக்கம் இவரைச் சுட்டிக்காட்டி, தங்கை காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேஸ்காரர் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்தார். நிறுத்திவிட்டார்.

டிரம்ஸ்காரர் விழித்தார். தன்னிடம் சொல்லாமல் ஏதோ ஏற்பாடு நடந்திருக்கிறது, தெரியாத மாதிரிக் காட்டிக்கொண்டால் அவமானம் என்று நினைத்து அவரும் குச்சிகளைத் தூக்கிக்கொண்டார். மண்டபத்தில் கிட்டார் மட்டும். கொஞ்ச தூரம் அது தைரியமாகப் போனது. அப்புறம் தடுமாறியது. ஒரே சுரத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நடுங்கியது. புயல் கண்ணைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார்.

தனியாக வாசிக்கும்போது அவர் பின்னால் திரும்பியது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் பேஸ்காரர் வண்டியிலும் ஓட்டலிலும் இத்தனை காலம் ஏங்கினார். பார்த்ததும் மனசு குளிரும் என்று நினைத்திருந்தார். குளிரவில்லை. ஐயோ என்றிருந்தது. தானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும் போலிருந்தது. சுற்று எங்கே ஆரம்பிக்கிறதோ அந்த இடம் வரும்வரை மனசுக்குள் நடந்துகொண்டே இருந்தார். வந்ததும் தடித்த கம்பியை ஓங்கி அடித்தார்.

மண்டபம் எழுந்து நின்றுவிட்டது. புயல் நிலைதடுமாறி முழங்காலில் விழுந்தார். அதையும் கலை என்றே ஜனம் எடுத்துக்கொண்டது.

மேடைக்குப் பின்னால் பேஸ்காரர் ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டு நின்றார். புயல் கழுத்தில் துண்டோடு வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த எடத்துல நிறுத்தினியே."

"ஆமா."

"பயந்துட்டேன்டா."

பேஸ்காரர் வாயைத் திறந்தார். இதற்காகத்தானே.

"ஆனா ஜனத்தைப் பாத்தியா? இனிமே தெனமும் அங்கயே நிறுத்திடு. நான் திரும்பிப் பாக்குறேன், நீ உள்ள வா. விளக்கையும் அணைக்கச் சொல்லிடலாம்."

அவருடைய ஒரே கலகம் அந்த நிமிஷத்திலிருந்து நிகழ்ச்சி நிரலில் சேர்ந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில், மௌனத்தையும் வாசிக்கத் தெரிந்த விரல்கள் என்று எழுதியிருந்தார்கள். விரல்கள் புயலுடையவை.

அன்று வாசலில் மச்சான் காத்திருந்தார். இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, நடுவுல நீங்க வாசிக்காம நின்னீங்க பாருங்க. அந்த எடம் பிரமாதம்."

மறுநாள் சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். பேஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்றார் மனைவி.

"என்ன?"

"நீங்க நிறுத்தினது. அதுவரைக்கும் வயித்துக்குள்ள ஏதோ ஒண்ணு கூடவே இருந்துட்டிருந்துச்சு. இருக்குன்னே எனக்குத் தெரியல. சட்டுனு அது இல்ல. நாற்காலி கீழ போயிட்ட மாதிரி ஆயிடுச்சு. பாப்பா கையைப் புடிச்சுக்கிட்டேன்."

இதைவிட ஒரு பேஸ்காரருக்கு என்ன வேண்டும்? கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார், வயிற்றாலேயே கேட்டுவிட்டார். இன்னொரு மனிதராக இருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பார். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை உங்க அண்ணன்கிட்ட சொன்னியா?"

மனைவி கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார். "கடை வேணாங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்? நான் நல்லா பாத்துக்குவேனே."

"பாத்துக்குவீங்க. கடையே உங்களாலதான் ஓடுதுன்னு லாரியிலேருந்து டைல்ஸ் இறக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருப்பீங்க. அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, பாவம்."

"நான் எங்க சொல்லிக்கிறேன்?"

மனைவி சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று இவருக்குப் புரியவில்லை. சிரித்து முடித்ததும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "மாசத்துல ஒரு வாரம் முழுசா வீட்ல இருக்கணும். பாப்பா வளர்ந்துட்டே போறா. புயல் சார்கிட்ட கேளுங்க. நீங்க இல்லாம முடியாதுன்னா, கேட்டாக் குடுப்பாரு இல்ல?"

கேட்டார். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகித்தான் போனார். புயல் கிட்டார்க் கம்பியை மாற்றிக்கொண்டே, "எடுத்துக்கோடா, இதையெல்லாம் கேக்கணுமா" என்றுவிட்டார். அந்த வாரத்துக்கு வேறு ஒரு பையனை ஏற்பாடு செய்தார்கள்.

முதல் வாரம் வீட்டில் இருந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகள் புதுச் சைக்கிளில் வீட்டு முன்னால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பேஸ்காரர் படியில் உட்கார்ந்து டிரம்ஸ்காரருக்கு போன் செய்தார்.

"எப்படிப் போச்சு நேத்து?"

"நல்லா போச்சு."

"நல்லான்னா?"

"நல்லாதான். ஜனம் எழுந்து நின்னுச்சு."

"அவரு எங்கயும் தள்ளிப் போகலயா?"

"போனாரு. பையன் இழுத்துட்டு வந்துட்டான்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "பையன்னா, நானும்தான்" என்றார் டிரம்ஸ்காரர்.

"அப்பா, இங்க பாருங்க" என்று மகள் ஒரு கையை விட்டு ஓட்டிக் காட்டினாள். அப்பா தலையாட்டினார். பார்த்தாரா என்று கேட்காதீர்கள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே பெட்டியோடு தெருமுனையில் போய் நின்றார்.

பாவம், இல்லையா? நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். நீங்கள் கடைசியாக நாலு நாள் விடுப்பில் போனபோது அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டீர்களே, அல்லது அம்மா வீட்டுக்குப் போன இடத்திலிருந்து உங்கள் வீட்டுச் சமையலறையை விசாரித்தீர்களே, அப்போது அந்தப் பக்கத்திலிருந்து "இங்க எல்லாம் நல்லா போகுது, நீங்க கவலைப்படாம இருங்க" என்று பதில் வந்தது. கேட்டதும் சந்தோஷமாக இருந்ததா? இருந்திருந்தால் நீங்கள் வேறு ரகம், இதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவேளை, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதுக்கும் ஒரு தடவை நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தீர்களானால், நீங்கள் போனை வைத்த பிறகு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்திருக்கும்.

உங்களுக்குக் கேட்டிருக்காது.