ஐந்து குவார்ட்டும் ஒரு டேங்கர் லாரியும்

என் மூத்த பேத்திக்குப் பாட்டி ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால் நீங்கலாக. நீ சௌக்கியமில்லை என்று உன் அறைத்தோழி போனில் சொல்லிவிட்டதால் அதைக் கேட்கவில்லை.

நீ வேலை பார்க்கும் சோப்புத் தொழிற்சாலைக்கு ஐந்து குவார்ட் வாசனைத் தைலம் கேட்டு எழுத வேண்டிய நீ, ஐந்து கன மீட்டர் என்று எழுதிவிட்டாயாம், வாசலில் டேங்கர் லாரி வந்து நின்றதாம், மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டினாராம், வேலையை விடப்போகிறேன் என்று நீ போர்வைக்குள் படுத்திருக்கிறாயாம். ஐந்தாவது வரை படித்த எனக்கு இது எவ்வளவு பெரிய தப்பு என்று பிடிபடவில்லை.

"குவார்ட்னா லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நம்ம செம்பு அளவு" என்றார் உன் தாத்தா. கன மீட்டரைக் காட்டுங்கள் என்றேன். மனிதர் அலமாரி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீட்டராக்கி, உள்ளே பிளாஸ்டிக் விரித்துக் கூடத்தில் வைத்து, "ஆயிரத்துச் சொச்சம் செம்பு பிடிக்கும்" என்றார். நான் நம்பவில்லை. செம்பு செம்பாக ஊற்றினோம், கை ஓய்ந்ததும் குழாயில் ட்யூபை மாட்டினோம், பாதி நிறைவதற்குள் பெட்டி வயிறு உப்பிப் பிளந்துகொண்டது. செருப்பெல்லாம் தானாகவே படியிறங்கிப் போயின. கீழ்வீட்டுக்காரி குடையோடு மேலே வந்தாள்.

"என்னம்மா, குழாய் ஒடைஞ்சிடுச்சா?"

"இல்ல, பேத்தி ஆபீஸ்ல ஒரு கணக்கு."

"அதுக்கு எங்க வீட்டுல ஏன் ஒழுகுது?"

"எங்க பொண்ணு எதையும் சின்னதா செய்யமாட்டா" என்றேன்.

தரையைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். தப்பு பெரியதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் லாரி வந்த வழியே திரும்பிவிட்டது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. சிந்தியதெல்லாம் நம் வீட்டில்தான். அப்புறம் உனக்கெதற்கு அழுகை? முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போ. மேனேஜர் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள், அவரையும் மேலே யாரோ திட்டியிருப்பார்கள். இனிமேல் நம்பரை மட்டும் பார்க்காதே, பக்கத்தில் இருக்கும் அளவையும் பார். என்ன ஆனாலும் வேலையை மட்டும் விடாதே.

வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நிமிர்ந்து நடக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: உன் தோழி இப்போது மறுபடி பேசினாள். நேற்றிலிருந்து நீ சாப்பிடவில்லையாமே கண்ணு. மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளு. வேலையும் வேண்டாம், மேனேஜரும் வேண்டாம், பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. நீ வரும்வரை நாங்களும் சாப்பிடமாட்டோம் என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்குப் பசி தாங்காது, சீக்கிரம் வா.