ஏழு சின்ன ஹாரன், ஒரு நீள ஹாரன்

விக்கிரவாண்டி பக்கத்துல, ஹைவேயை ஒட்டின ஒரு ஸ்கூல்ல நான் சயின்ஸ் வாத்தியார். போன வாரம் ஒரு நாள் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒன்பதாம் கிளாஸ் பசங்க முப்பது பேர் மறுநாள் கடல் ஆராய்ச்சிக் கப்பல்ல ஒரு நாள் டூர் போறாங்க. அவங்களைத் தயார் பண்ணணும்.

கப்பல்காரங்க மெயில் அனுப்பியிருந்தாங்க. ஆபத்துன்னா ஏழு சின்ன சத்தம், ஒரு நீள சத்தம் வரும். உடனே லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கினு ஒரே இடத்துல கூடணும்.

நான் ஏறின ஒரே கப்பல், பாண்டியில கால்ல பெடல் போடுற வாத்து போட்தான். ஆனா பசங்க முன்னாடி அதைச் சொல்ல முடியுமா? பத்து வருஷம் கடல்லயே கெடந்தவன் மாதிரி ஆரம்பிச்சேன்.

ஜாக்கெட்டுக்குப் பதிலா புத்தகப் பையை முன்பக்கமா மாட்டச் சொன்னேன். அதே மாதிரி ஏழு சின்னது, ஒரு நீளம்னு விசில் ஊதினா எல்லாத்தையும் போட்டுட்டு வரிசையா வேப்பமரத்தடிக்கு வரணும். நான் தலை எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் தெறக்கக் கூடாது. கயல்விழியை கேப்டனா போட்டேன்.

மொத தடவை ரெண்டு பேர் மோதி விழுந்தாங்க. ஆறாவது தடவை, ஒரே நிமிஷத்துல எல்லாரும் மரத்தடியில. எனக்குப் பெருமை தாங்கல. நான் பாடம் நடத்துறப்ப இப்படி ஒரு நாளும் கேட்டதில்ல.

மதியம் அவங்களுக்குக் கணக்கு டெஸ்ட். வாசுகி டீச்சர் கிளாஸ்ல பென்சில் விழுந்தாக்கூட பர்மிஷன் கேட்டுத்தான் எடுக்கணும்.

அந்த நேரம் பாத்து ரோட்டுல ஒரு கரும்பு லாரி குறுக்க நின்னுடுச்சு. பின்னாடி வந்த பிரைவேட் பஸ் டிரைவர் பொறுமை போய் ஹாரன் அடிச்சாரு. நான் ஸ்டாஃப் ரூம்ல டீ குடிச்சிக்கினு சும்மா எண்ணினேன். ஏழு சின்னது. அப்புறம் ஒரு நீளம்.

டீயை வெச்சுட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். முன்பக்கம் பையோட பசங்க வரிசையா போய்க்கினு இருக்காங்க. பின்னாடியே வாசுகி டீச்சர், கையில ஸ்கேல்.

எதுக்கு எழுந்து வந்தீங்கன்னு டீச்சர் கேக்கறாங்க. ஒருத்தரும் பதில் சொல்லல. தலை எண்ணாம பேசக் கூடாதே. தனக்கு எதிரா ஸ்டிரைக்குன்னு டீச்சர் முடிவு பண்ணிட்டாங்க. இதைப் பாத்த எட்டாம் கிளாஸு, ஸ்கூல் விட்டாச்சுன்னு பையைத் தூக்கிக்கினு வெளிய வந்துடுச்சு.

ஹெச்.எம். வந்தாரு. நடந்ததைச் சொன்னேன். மொதல்ல எண்ணுங்க சார்னாரு.

எண்ணினேன். இருபத்தொம்பது. திரும்ப எண்ணினேன். அப்பவும் இருபத்தொம்பது.

கேட் தெறந்து கெடக்கு, வெளிய ஹைவே. கயல்விழியைக் காணோம். கிளாஸுக்கு ஓடினேன்.

அவ தனியா உக்காந்து டெஸ்ட் எழுதிக்கினு இருந்தா.

"நீ ஏம்மா வரல?"

"என்னைத்தான கேப்டனா போட்டீங்க சார். கேப்டன் கடைசியாத்தான் எறங்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

அவளைக் கூட்டிக்கினு மரத்தடிக்கு வந்தேன். பசங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப் போச்சு. டூர் கேன்சல்னுதான் நானும் நெனச்சேன். ஹெச்.எம். என் பக்கம் திரும்பினாரு.

"சொன்னதை இவ்ளோ கேக்கறாங்க. கடல்ல இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களை நெனச்சாதான் சார் பயமா இருக்கு."

என்னைப் பாத்துக்க இன்னொரு டீச்சரையும் கூட அனுப்பறேன்னாரு.

மறுநாள் காலையில பஸ்ல ஏறினா, முன் சீட்ல வாசுகி டீச்சர். மடியில இருபத்தொம்பது கொஸ்டின் பேப்பர்.