கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

பதுளையில் கெட்டுப்போகிற கம்ப்யூட்டர்களில் பாதி, காய்ச்சல் நானாவின் கை பட்டதும் பயத்திலேயே சரியாகிவிடும். மீதிப் பாதியை அவர் திட்டியே சரிபண்ணுவார்.

பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. எந்தப் பெட்டியைக் கொண்டுபோனாலும் முதலில் அதன்மேல் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் வந்த பெயர் காய்ச்சல்; நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமோ என்னவோ. பிறகு விசாரணை. பொய் சொன்னால் பெட்டியைத் திறக்கமாட்டார். ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, கீபோர்டில் எதுவும் கொட்டவே இல்லை என்று சாதித்தார்.

"அப்ப உள்ள எறும்பு எதுக்கு வந்துச்சி, வேல கேட்டா?" என்றார் நானா. துரை தேத்தண்ணீர் கொட்டியதை ஒப்புக்கொண்டார்.

நான் லுணுகலையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். வருகிற பென் டிரைவெல்லாம் வைரஸ் என்று பயந்து ஒரு ஆண்டிவைரஸ் போட்டேன். காவலுக்கு ஒருவனைவிட இருவர் நல்லதுதானே என்று இன்னொன்றும் போட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. ஆன் பண்ணினால் ஃபேன் மேடேறும் லாரி மாதிரி உறுமும், கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக அணைந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து பறிக்கிற செல்வராணி அக்கா வந்து நின்றார். மறுநாள் அவர் புருஷனுக்குக் கருமாதி. இருந்த ஒரே படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தார். நான் ஸ்கேன் பண்ணித் திருப்பிக் கொடுத்த அந்தப் படம், வீடு போகும் வழியில் மழையில் ஊறி முகமே அழிந்துவிட்டது. அந்த மனுஷனின் முகம் இனி என் பெட்டிக்குள் மட்டும்தான்.

"படம் இல்லாட்டி எத வச்சிங்க கும்புடுறது?" என்றார் அக்கா.

நான் கடையைப் பூட்டினேன். பெட்டியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அக்காவோடு பதுளை பஸ் ஏறினேன்.

நானா புறங்கையை வைத்தார். கம்பளியைப் பார்த்தார். "பஸ்ல போத்திட்டு வந்தது சரி. கடையிலயும் போத்தித்தானே வச்சிருந்தீங்க?"

"பனி இறங்கிற ஊரு நானா. குளிர் ஏறிரக்கூடாதுன்னு..."

"ஓடுறப்பவுமா?"

ஆமாம் என்று தலையாட்டி, காவலுக்கு இரண்டு ஆண்டிவைரஸ் போட்டதையும் ஒப்புக்கொண்டேன். அவர் பெட்டியைத் திறந்து, ஃபேனை அடைத்திருந்த கம்பளிப் பஞ்சைக் கொத்தாக எடுத்துக் காட்டினார்.

"ரெண்டு காவக்காரனும் ஒருத்தன ஒருத்தன் திருடன்னு நெனச்சி மூச்சு வாங்க ஓடுறானுங்க. அதுக்கு மேல கம்பளி. பெட்டி மயக்கம் போடாம என்னா செய்யும்?"

தூசியைத் தட்டி, மேசை ஃபேனைத் திருப்பி வைத்துப் பெட்டியை ஆறவிட்டார். பிறகு ஆன் பண்ணி, ஒரு ஆண்டிவைரஸைக் கழற்றி எறிந்தார். உறுமல் அடங்கியது. நான் கும்பிடாத சாமி இல்லை. ஃபைலைத் திறந்ததும் அந்த மனுஷன் திரையில் சிரித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை திட்டிக்கொண்டிருந்த நானா, "நல்ல மொகம்," என்று மெதுவாகச் சொன்னார்.

பக்கத்துக் கடையில் அவரே பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சட்டமும் போட்டு வாங்கி வந்தார். வெளியே மழை பிடித்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கம்பளியை எடுத்து, படத்தை நன்றாகப் பொதிந்து அக்கா கையில் கொடுத்தார்.

"கம்பளி இவருக்குத்தான் வேணும் தங்கச்சி. நனையாம கூட்டிட்டுப் போங்க."

அந்தக் கம்பளி திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் பதுளைக்குப் போனால், பெட்டி நன்றாக இருந்தாலும் நானா கடைக்குப் போவேன். நான் பெட்டி கொண்டுபோகவில்லையென்றால் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அதற்காகத்தான் போகிறேன்.