பர்மிட் மாமா பாலத்தில் இறங்கிக்கொண்டார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் காவிரிப் பாலத்தின் திருச்சிக் கரையில் பர்மிட் மாமா தம் காரை விட்டு இறங்கினார். அந்த நிமிஷத்தில் எங்களைச் சனி பிடித்தது. ஸ்ரீரங்கத்தில் அவரைப் போல் சட்டத்தை மதித்தவரும் கிடையாது. அவரைப் போல் அடுத்தவரைச் சட்டத்தில் மாட்டிவிட்டவரும் கிடையாது. கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை.

மதுவிலக்கு அமலில் இருந்தாலும், வைத்தியர் எழுதிக் கொடுத்தால் சர்க்கார் சிலருக்குப் பர்மிட் கொடுத்தது. எங்கள் தெருவில் அது மாமா ஒருவருக்குத்தான் வாய்த்தது. இளைப்பு நோய்க்குப் பிராந்தி. வேறொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். இவரோ ஏதோ பட்டம் வாங்கின மாதிரி, அந்தக் காகிதத்தை மெழுகுத் துணியில் மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் முதலில் பர்மிட்தான் வெளியே வரும்.

"சர்க்கார் முத்திரை ஓய்! பார்த்துக்கோரும்!"

ஒரு தடவை அவர் வீட்டு அடுக்களையில் தீப்பிடித்தது. மாமா இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே தெருக்கோடிவரை ஓடிவிட்டு, அங்கே நின்றுதான், "ஐயையோ, ஆத்துக்காரி உள்ளே இருக்கா!" என்று கத்தினார். அதற்குள் மாமி தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அவரிடம் ஒரு கிழட்டுக் கார் இருந்தது. கண்ணில் புரை விழுந்ததும், யாரும் கேட்காமலே போய்த் தம் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "கண் தெரியாதவன் ஓட்டப்படாது. சட்டம்னா சட்டம்!" அதன்பின் வைத்த டிரைவர்கள் ஒருவரும் தங்கவில்லை. கோபுரம் கண்ணில் பட்டால் நடுரோட்டானாலும் வண்டி நிற்க வேண்டும்; மாமா இறங்கிச் சேவித்துவிட்டு ஏறுவார். திருச்சியில் கோபுரம் தெரியாத ரோடு எது? பின்னால் வருகிற லாரிக்காரன் திட்டுவதெல்லாம் டிரைவருக்கு, புண்ணியம் மாமாவுக்கு.

கடைசி டிரைவரும் சாவியை வீசிவிட்டுப் போன பிறகுதான் அவர் கண் என் பிள்ளை ரகுமேல் விழுந்தது. ரகுவுக்கு வயது பதினாறு. சோற்றைவிடக் கார் பிடிக்கும். "டீச்சரம்மா, வண்டி தள்ளறதுக்குப் பிள்ளையாண்டானைக் கொஞ்சம் அனுப்பேன்" என்பார். தள்ளத்தான் போகிறான் என்று நானும் நம்பினேன். தள்ளினவனைக் கொள்ளிடக்கரைப் பக்கம் கூட்டிப்போய், கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்து, ஸ்டீரிங்கையே கையில் கொடுத்துவிட்டார் அந்த மனிதர். தம் கண்ணுக்கு ஒரு சட்டம். என் பிள்ளையின் வயசுக்குச் சட்டமே கிடையாதா?

இதில் ஆசாரம் வேறு. பர்மிட்காரர்களுக்கான கடை டவுனில். புட்டியை வாங்கித் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு பாலம்வரை காரில் வருவார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் ஊர். அதற்குள் பிராந்தியோடு ஒரே வண்டியில் நுழைய அவர் மனசு ஒப்பாது. ஆகவே இறங்கிக்கொள்வார். புட்டி காரில் போகும். மாமா பின்னால் நடந்து வந்து, அம்மா மண்டபப் படித்துறையில் தீர்த்தமாடி, பரிசுத்தமாக வீட்டுக்குப் போய், காரில் வந்த புட்டியை எடுத்து அலமாரியில் வைப்பார். புட்டியைக் கொண்டுவந்த பாவம் யாருக்கு? அதை அவர் யோசித்ததில்லை.

அந்த ஞாயிறன்றும் அப்படித்தான். இடுப்பில் பர்மிட்டோடு மாமா தெற்கே இறங்கினார். பிராந்தியோடு ரகு வடக்கே போனான். ஸ்ரீரங்கத்துக் கரையில் நின்றிருந்த போலீஸ்காரர், மீசை முளைக்காத முகம் ஒன்று காரை ஓட்டி வருவதைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"கூடையில என்ன தம்பி?"

"மாமாவோட மருந்து சார்."

அவர் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். "அட! எனக்கும் இந்த வியாதி வரக்கூடாதா?"

பால்காரர் மாணிக்கம் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "டீச்சரம்மா, நம்ம தம்பியைச் சாராயக் கேஸ்ல பிடிச்சுட்டாங்களாம்!" என்றபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மதுரைக்குப் போயிருந்தார். மாமாவைக் கூட்டிவர மாணிக்கத்தை அம்மா மண்டபத்துக்கு விரட்டிவிட்டு, ஈரக் கையோடு ஜட்கா பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரகு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பக்கத்திலிருந்த போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். அது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர்தான். "உக்காருங்கம்மா. பர்மிட்காரர் எங்கே?"

"தீர்த்தமாடப் போயிருக்கார் சார்" என்றான் ரகு.

"பிராந்தியை அனுப்பிட்டு குளிக்கப் போனாரா?"

"பாவம் போறதுக்கு சார்."

"பாவம் போயிடும் தம்பி. கேஸ் போகாதே."

பிறகு என்னிடம் விளக்கினார். பதினெட்டு ஆகாமல் கார் ஓட்டியது ஒரு குற்றம். பர்மிட் இல்லாமல் மது கொண்டுவந்தது இன்னொன்று. "அவர் கையில இருந்தா மருந்தும்மா. உங்க பையன் கையில இருந்தா கடத்தல்."

"அடுத்த மாசம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போற பிள்ளை சார்! கேஸ்னு ஆனா எந்த பாலிடெக்னிக்ல இவனைச் சேத்துப்பா?"

"எனக்கும் பிள்ளைங்க இருக்குங்க. அந்தப் பெரியவர் வந்து, நான்தான் ஓட்டச் சொன்னேன், நான்தான் கொடுத்தனுப்பினேன்னு எழுதிக் கொடுக்கட்டும். பையனை எச்சரிச்சு அனுப்பிடறேன். ஆனா அவர் பர்மிட் போயிடும். கோர்ட்டுக்கும் அவர்தான் போகணும். எழுதித் தருவாரா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெண்டாட்டியை நெருப்பில் விட்டுவிட்டுப் பர்மிட்டோடு ஓடினவர் என் பிள்ளைக்காக அதைக் கொடுப்பாரா? இந்தப் பையன் யாரென்றே தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். ஊரில் பெரியவர்கள் பலர் அப்படித்தான் தப்பித்திருக்கிறார்கள். ஸ்டீரிங்கில் இருந்த கையைச் சட்டம் பிடித்துவிடும். அந்தக் கையை அங்கே வைத்தவர் ஆற்றில் முங்கிக்கொண்டிருப்பார். அவர் வந்ததும் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். ஒன்றுகூட மரியாதையான வார்த்தை இல்லை.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. மாணிக்கத்தின் பால் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காரியரில் உட்கார்ந்து வந்திருந்தார் மாமா. வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தலை துவட்டவில்லை. நெற்றியில் திருமண் இல்லை. அந்த மனிதரை வெறும் நெற்றியோடு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

என்னைப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போனார்.

"ஓட்டச் சொன்னது நான். கூடையை வச்சது நான். இந்தப் பிள்ளை பேரை எங்கேயும் எழுதப்படாது. காகிதம் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

"பர்மிட் ரத்தாயிடும், பெரியவரே."

மாமா இடுப்பிலிருந்த மெழுகுத் துணியை அவிழ்த்து அப்படியே மேஜைமேல் வைத்தார். கையெழுத்துப் போடும்போது தாளெல்லாம் தண்ணீர் சொட்டியது. சப்-இன்ஸ்பெக்டர் வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். அதிலும் போட்டார்.

அப்புறம் ரகுவிடம் போய் அவன் தலையைத் தடவினார். எழுந்து நின்ற என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்மா, நன்னா வையணும் என்னை" என்றார், இளைப்புக்கு நடுவே. "குழந்தை காலம்பறலேருந்து ஒண்ணும் சாப்பிடலே. மொதல்ல அழைச்சுண்டு போய்ச் சாதத்தைப் போடு. சாயங்காலமா எங்காத்துக்கு வந்து நிதானமா வை. நான் எங்கேயும் போயிடமாட்டேன்."