சட்டையில் பட்டன் இல்லாத சார்

சட்டைப் பட்டனை வைத்து உலகத்தையே ஃபெயிலாக்கிய மனிதர் அந்தமானில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் கல்லூரியின் துப்பாக்கிப் பயிற்சியாளர். பெயரைச் சொல்லி விசாரித்தால் போர்ட் பிளேரில் யாருக்கும் தெரியாது. ‘பட்டன் சார்’ என்றால் ஆட்டோக்காரர் அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்.

ஐம்பது மீட்டரில் நாங்கள் ஐந்து குண்டு சுட்டதும் அட்டையைக் கழற்றி வருவார். தன் சட்டையிலிருந்து ஒரு பட்டனைப் பிய்த்து ஓட்டைகளின் மேல் வைப்பார். ஐந்தும் மறைந்தால் பாஸ். யாருக்கும் மறைந்ததில்லை. மாலைக்குள் சட்டை முழுக்கத் திறந்து தொப்பை காற்று வாங்கும்.

“மான் சுடுறவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு போதும். போலீஸுக்கு டீ சாசர். போட்டிக்குப் பட்டன். மேசையில வச்சுச் சுடுற போட்டி ஒண்ணு இருக்கு, அதுல அஞ்சு குண்டும் ஒரே ஓட்டைக்குள்ள போவணும். அவனுவ மனுசப் பயலுவளே இல்ல. உங்களுக்குத் தட்டே பத்தாது, தாம்பாளம் வேணும். கதம்! எல்லாம் கதம்!”

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். இருந்தாலும் எல்லாம் முடிந்துபோனதை இந்தியில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

சுடுவதை மட்டுமல்ல, எதையும் இப்படித்தான் அளப்பார். கார் நிக்கோபார் தீவுக் கப்பல் ஒரு வாரம் திங்கள் வரும், மறு வாரம் வியாழன் வரும், அதற்கடுத்த வாரம் வராது. “இது தட்டுக்கே பாஸாவாது” என்பார். ஒருமுறை மனைவி சுட்ட தோசைகளை அடுக்கி விளிம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு நாள் கேன்டீனில் சாப்பிட்டார்.

நான் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்து படித்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குள் கால் வைத்தவள். அதுவரை எதிலும் ஃபெயிலானதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. மெயின்லேண்டில் நடக்கும் தேர்வில் அணிக்குள் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும். அப்பாவைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

“துவக்கு சுட்டா வேல குடுப்பாங்களா புள்ள?” என்று அப்பா போனில் கேட்பார். துப்பாக்கி அவருக்குத் துவக்குதான்.

“குடுப்பாங்கப்பா.”

“நல்லாப் பாத்துச் சுடு.”

இரண்டு வருடம் நல்லாப் பார்த்துத்தான் சுட்டேன். பட்டனுக்குள் அடங்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை திடலுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். சார் துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் பதித்து, தானே சுட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் ஓட்டைகள் பூரி அளவுக்குச் சிதறியிருந்தன. சுனாமியன்று கிடங்குக்குள் புகுந்த உப்புத்தண்ணீர் துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தைத் துருவாகத் தின்றிருந்தது.

“துப்பாக்கியே பூரி சுடுது. நான் எப்புடி சார் பட்டன் சுடுறது? தெரிஞ்சேவா எங்கள ஃபெயிலாக்குனீங்க?”

“புதுசு கேட்டு எழுதி எழுதிக் கை ஓஞ்சிட்டு எம்மா. அடுத்த கப்பல்ல வரும்ங்கான். அங்க உன் அட்டையத்தான் பாப்பானுவ. துப்பாக்கி சுனாமில நனைஞ்சுதான்னு எவன் கேப்பான்? பட்டன்னா பட்டன்தான்.”

எத்தனையோ கப்பல்கள் வந்தன, துப்பாக்கி வரவில்லை. பழையதையே கொண்டுபோய்ச் சுட்டு, தோற்று, மூன்று நாள் கடலில் வாந்தியெடுத்துத் திரும்பினேன். துப்பாக்கி நனைந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லைதான்.

கப்பல் துறையில் சார் நின்றிருந்தார். அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கை சட்டைக்குப் போய், பட்டனைப் பிய்க்காமல் கீழே இறங்கியது.

“துப்பாக்கி பூரி சுடும். இது பூரியவிடச் சின்னது. துப்பாக்கியவிட நீ நல்லாச் சுட்டிருக்க. பாஸ்.”

துப்பாக்கியைவிட நன்றாக மனிதரால் சுட முடியாது. ஐந்து குண்டு கொஞ்சம் நெருங்கி விழுந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

“அதிர்ஷ்டம்தானே சார்?”

“ஜாஸ்தி பேசாத. பாஸ்னா பாஸ்.”

அடுத்த வருடம் திடலை மூடிவிட்டார்கள். அப்பா இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறார். போன மாதம் பஜாரில் சார் மீன் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சட்டையில் எல்லாப் பட்டனும் ஒழுங்காக இருந்தது. எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.