குளக்கரைத் துணியில் கட்டிய நாய் வீடு

நான் கஞ்சன் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. கஞ்சனுக்குக் கடைசியில் பணமாவது மிஞ்சும். எனக்கு மிஞ்சியது, கொல்லைப்புறத்தில் பாதி வேலையோடு குவிந்து கிடக்கும் சாமான்கள்தான்.

பழைய டயரில் ஒரு நாற்காலி செய்தேன். அதில் முதலில் உட்கார்ந்த என் மச்சான் பாலுவை இரண்டு பேர் சேர்ந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாகக் கட்டிச் செடிகளுக்குச் சொட்டு நீர் விட்டேன். செடி வாடியது, கொசு செழித்தது. (காசு கொடுத்து வாங்கினால் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிகிற காரியத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிப்பவன் நான். இதற்குப் பெயர் சிக்கனமாம்.)

இதெல்லாம் சிரித்து மறக்கிற ரகம். நான் சொல்ல வந்தது வேறு ரகம்.

நாங்கள் இருப்பது காரைக்கால் தலத்தெருவில். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர்; மனைவி கவிதா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களோடு செவலை. அவள் தெரு நாயாக வந்து, கவிதா வைத்த மீன் குழம்புச் சோற்றில் மயங்கி, வீட்டு நாயாகப் பதவி உயர்வு பெற்றவள். என்னைக் கண்டால் வாலை ஆட்டுவாள், ஆனால் கவிதா சொன்னால்தான் கேட்பாள்.

இந்தச் சம்பவத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் செவலை சாக்கடை ஓரத்தில் குட்டி போட்டாள். விடிவதற்குள் அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டன. ஒரு வாரம் அவள் அந்தச் சாக்கடையை மோந்துகொண்டே திரிந்தாள். கவிதா அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை, நான் ஒன்றும் செய்யாதபோதும். அதனால் செவலைக்கு மறுபடி வயிறு சரிந்ததும் கவிதா என்னிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

"ஏங்க, இந்தத் தடவ ஒரு குட்டிகூடச் சாகக் கூடாது. கொத்தனாரக் கூப்பிட்டு நாலு செங்கல்ல வச்சு, மேல ஒரு ஷீட்டப் போடச் சொல்லுங்க."

"கொத்தனார் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள் கவிதா.

என் ரோஷத்துக்கு அது போதும். அந்தச் சமயத்தில் நான் செல்போனில் பார்த்த ஒரு வித்தை கைவசம் இருந்தது. பழைய துண்டை சிமெண்ட் கரைசலில் முக்கி, கவிழ்த்த வாளியின் மேல் விரித்துக் காயவைத்தால் பூந்தொட்டி ஆகிவிடும். ஒன்று செய்தும் பார்த்திருந்தேன். நன்றாகவே வந்தது. என் வாழ்நாளில் சரியாக வந்த ஒரே பொருள் அந்தத் தொட்டிதான், அதுதான் எல்லாக் கேட்டுக்கும் ஆரம்பம். தொட்டியைப் பெரிதாகச் செய்து கவிழ்த்தால் நாய்க்கு வீடு என்று கணக்குப் போட்டேன். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டிவிட்டேன். துணிதான் வேண்டும், அதுவும் நிறைய.

எனக்குச் சொந்த ஊர் சுரக்குடி. அங்கிருந்து திருநள்ளாறு கூப்பிடு தூரம். சனி பிடித்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ அங்கே வந்து, நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். துணியோடு சனியும் கழிந்தது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்தத் துணியை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். பழந்துணி வியாபாரிகள் கைமாறி, மெக்கானிக் ஷாப்பில் கை துடைக்கத்தான் போகும். அப்படி ஒரு வியாபாரி என்னோடு படித்த சேகர்.

"ஏண்டா, வீட்டுக்கா எடுத்துட்டுப் போற?" என்றான் சேகர்.

"நாய்க்குடா."

"நாயும் உசுருதான? சரி, ஒன் இஷ்டம். ஆனா ஒண்ணு, சும்மா அலசுனா போவாது. எண்ணெ ஊறிப்போன துணி. சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவச்சு எடு."

இரண்டு மூட்டை கொடுத்தான். அவற்றை வெளுக்க மூன்று கிலோ சோப்புத்தூளாவது ஆகும். ஓசியில் வந்த துணிக்குச் சோப்புத்தூள் வாங்குவதா என்று என் சிக்கனம் விழித்துக்கொண்டது. கவிதா பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து, குழாயடியில் வெறும் தண்ணீரில் இரண்டு அலசு அலசி உதறினேன். தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பிழிந்து காயப்போட்டேன்.

"ஏது இவ்ளோ துணி?" என்று மாலையில் கவிதா கேட்டாள்.

"ஒரு லாட்ஜில கழிச்சுக் கட்டுனது."

"நல்லெண்ணெ வாசன வருதே?"

"லாட்ஜுன்னா நாலு பேரு எண்ணெ தேச்சிக் குளிக்கத்தானே செய்வாங்க" என்றேன். (பொய்யில் பாதி உண்மை கலந்தால் நாக்கு குழறாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.)

ஒரு ஞாயிறு முழுக்க வேட்டியும் லுங்கியும் சேலையும் சட்டையுமாக சிமெண்ட்டில் முக்கி முக்கிக் கூட்டின் மேல் போர்த்தினேன். ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு அடுக்கு. வீட்டில் மிச்சமிருந்த பெயிண்டை அடித்தேன். கைவசம் இருந்தது கருநீலம்தான். காய்ந்ததும் உச்சியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தெருவில் வேறு யாருக்கும் அது வெறும் காக்கை. எனக்கு மட்டும், சனிக்கு உகந்த நிறத்தின் மேல் சனியின் வாகனம்.

நான்காம் நாள் பக்கச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொருக்கு உதிர்ந்தது. உள்ளே துணி, மாவில் முக்காத வாழைக்காய்போலச் சுத்தமாகத் தெரிந்தது. சிமெண்ட் அதைப் பிடிக்கவே இல்லை. யாரும் பார்ப்பதற்குள் அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசினேன்.

செவலை கிட்ட வந்தாள், மோந்தாள், திரும்பிப் போய்விட்டாள். அவள் தனக்கென்று ஏற்கனவே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள், மாடிப்படிக்குக் கீழே, பழைய பலகைகளுக்குப் பின்னால். மழைத்தண்ணீர் ஏறாத மேடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பலகைகளை இழுத்து வழியை அடைத்தேன். கட்டிய வீட்டில் ஆள் குடியேறாவிட்டால் கட்டியவனுக்கு என்ன மரியாதை? பட்டினச்சேரியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் தலை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். தலையை மட்டும் கவ்விக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கடைசியில் வயிறு சரிந்த அந்த ஜீவனை நானே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விட்டேன். வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே ஐந்து குட்டி போட்டாள்.

கவிதாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பரவாயில்லைங்க, உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீங்க" என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் பாராட்டு. எனக்கு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

குட்டிகள் கண் திறந்த வாரத்தில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். காலை பத்து மணி இருக்கும். கவிதா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், நான் தின்றுகொண்டிருந்தேன். கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம். அதற்குப் பின் செவலையின் குரல். அந்த மாதிரி ஒரு குரலை அவளிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஓடினோம். வீடு இருந்த இடத்தில் ஒரு குவியல் கிடந்தது. மழைத்தண்ணீரைக் குடித்துக் கனத்த ஏழு அடுக்குத் துணி, அதன் மேல் தட்டுத் தட்டாக உடைந்த சிமெண்ட். செவலை பாதி வெளியே, பாதி உள்ளே. கையாலேயே இழுத்தோம். வெந்த கிழங்கிலிருந்து தோல் உரிவதுபோல சிமெண்ட்டிலிருந்து துணி வழுக்கிக்கொண்டு வந்தது. என் கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

கவிதா குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டே எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நாலாவது கத்திக்கொண்டே வந்தது. ஐந்தாவது உச்சித் தட்டுக்குக் கீழே இருந்தது. கறுப்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளை. கவிதா அதை முந்தானையால் துடைத்தாள். வாயில் ஊதினாள், நெஞ்சைத் தேய்த்தாள். மழையில் உட்கார்ந்து அரைமணி நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குடைதான் என்னால் முடிந்த உதவி.

தேய்த்துத் தேய்த்து ஓய்ந்து நிமிர்ந்தவள் கண்ணில் அது பட்டது. குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சட்டை. சட்டையில் பை. பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஓர் அர்ச்சனைச் சீட்டு. யாரோ ஒருவருடைய பெயர், கும்ப ராசி, சதய நட்சத்திரம். தன்னைப் பிடித்ததையெல்லாம் கழற்றி விட்டவர் சீட்டை எடுக்க மறந்திருக்கிறார்.

"இது எந்த லாட்ஜு?" என்றாள் கவிதா.

நான் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

"குளத்துத் துணியா?"

தலையை ஆட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். என் பகுத்தறிவு சும்மா இருக்குமா?

"சனியெல்லாம் ஒண்ணும் கெடையாது கவிதா. எண்ணெ இருந்தா சிமெண்ட் புடிக்காது. அதான் காரணம். சோப்புப் போட்டு அலசியிருந்தா நின்னுருக்கும். சேகர்கூடச் சொன்னான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"அப்ப, எண்ணெ இருந்தது ஒங்களுக்குத் தெரியும்."

"ம்."

"பக்கத்துல புதுசா பூசியிருந்தத நானும் பாத்தேன். பொருக்கு உதுந்தப்பவும் தெரியும்."

நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனின்னே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சத்தம் போடவில்லை. "நான் நம்பியிருப்பேனே."

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் கறுப்புக் குட்டிக்கு எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டினேன். தண்ணீர் ஊற ஊற வெட்டினேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழுதேன். மாடிப்படிக்குக் கீழே அடைத்திருந்த பலகைகளை எடுத்ததும் செவலை தானாகவே குட்டிகளைக் கவ்விக்கொண்டு அங்கே போனாள். நான்கு நடை. ஐந்தாவது நடையும் வந்தாள். குவியலைச் சுற்றி மோந்துவிட்டு, வெறும் வாயோடு திரும்பினாள்.

மழை விட்டதும் கொத்தனார் வந்தார். அரை நாளில் கட்டி முடித்தார். இன்றும் நிற்கிறது.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நான் ஓர் ஆணியைக் கையில் எடுத்தால் போதும், உறவில் யாராவது ஒருவர், "சோப்புப் போட்டீங்களா?" என்று கேட்பார்கள். மச்சான் பாலு நாகப்பட்டினத்திலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் சோப்புத்தூள் வாங்கி வந்து மரியாதையாக என் கையில் கொடுப்பார். "மாப்ளைக்கு சீரு" என்பார். விருந்தாளி யாராவது புரியாமல் விழித்தால் கவிதாவே கதையை ஆரம்பிப்பாள். லாட்ஜு, காக்கை, கருநீலம், என் ஏழு அடுக்கு மாளிகை எல்லாம் வரும். அவள் சொன்னால் கல்லும் சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

போன பொங்கலுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஓர் உறவுக்காரப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஐயோ, குட்டிங்களுக்கு ஒண்ணும் ஆவலியேக்கா? எத்தன குட்டி?"

"நாலு" என்றாள் கவிதா. "நாலும் நல்லாருக்கு."

எத்தனை தடவை சொன்னாலும் நாலுதான். ஒரு முறை நான் திருத்தப் போனேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற இதுவரை என்னை விட்டதில்லை.